தேர் இழுக்க ஊர் வேண்டும்

ஜப்பானுக்குச் சென்று திரும்பியவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். தெருவில் குப்பை இல்லை என்பது ஒன்று. இரயில் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை என்பது மற்றொன்று. 1982-ஆம் ஆண்டு கிழக்கு நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்ட நாள்முதல் இவ்விரண்டையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். "அவர்களைப் பார், நம்மவர்களைப் பார்" என்று முடியும் அந்த உபதேசத்தை இவ்விதழில் இன்னொரு முறை எழுத எனக்கு விருப்பமில்லை.

நானும் ஜப்பானுக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு பழைய ஊரின் திருவிழாவைப் பார்த்தேன். அடுத்த ஆண்டு ஆடியில் அம்பாங் பெச்சாவுக்கு அப்பால் இருக்கும் எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனேன். இரண்டையும் பார்த்த பிறகு மனத்தில் எழுந்த ஒரு கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன். அது என் தோட்டத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, கெர்லிங் எனச் சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த எல்லாருக்கும் அதில் பங்குண்டு.

குஜோவில் ஓர் இரவு

குஜோ ஹாச்சிமான் என்பது ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். நகோயாவிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மலைமேல் ஒரு கோட்டை, கீழே ஆறு, ஆற்றை ஒட்டி மரவீடுகள், வீட்டு வாசல்தோறும் ஓடும் நீர்க்கால்வாய். 1919-இல் ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது. மீண்டும் கட்டிய வீடுகள்தாம் இன்று நாம் பார்க்கும் 'பழைய' வீடுகள்.

இவ்வூரில் ஜூலை நடுப்பகுதி தொடங்கிச் செப்டம்பர் முற்பகுதி வரை முப்பது இரவுகளுக்கு மேல் தெருவில் நடனம் நடக்கும். ஆகஸ்டு 13 முதல் 16 வரை நான்கு இரவுகள் மட்டும் விடிய விடிய ஆடுவார்கள். அந்த நான்கு நாள்கள்தாம் ஓபோன். இறந்துபோன முன்னோர் வீடு திரும்பும் நாள்கள் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. தோக்கியோவிலும் ஒசாக்காவிலும் வேலை செய்பவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பும் நாள்களும் அவையே. நம் நாள்காட்டியைப் புரட்டினால் அது ஆடி மாதத்தின் கடைசி வாரமாக இருக்கும்.

2024 ஆகஸ்டில் நான் அங்கே போனபோது, தெருவோரம் நின்று படம் எடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நிற்க முடியவில்லை. பார்வையாளர்களுக்கென்று தனியிடம் எதுவும் இல்லை. தெரு நடுவே சிறு மேடைவண்டி ஒன்றில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இருக்கிறார்கள். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஊரே ஆடுகிறது. மரக்கட்டைச் செருப்புகள் தெருவில் மோதும் ஒலிதான் தாளம். ஆட்டம் மொத்தம் பத்து வகை. ஒரே அசைவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. முன்னால் ஆடும் பாட்டியைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அக்காலத்தில் வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற நான்கு பிரிவினரும் ஒரே வட்டத்தில் ஆட வேண்டும் என்று ஊரை ஆண்ட பிரபு ஊக்குவித்ததாக அவ்வூரார் சொல்கிறார்கள். நான்கு நூற்றாண்டு பழமை உடையது எனக் கருதப்படும் இந்நடனத்தை, ஜப்பான் அரசு 1996-இல் முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2022-இல் யுனெஸ்கோ இதையும் உள்ளடக்கிய நாற்பதுக்கு மேற்பட்ட நாட்டார் நடனங்களை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என்னை வியக்க வைத்தது யுனெஸ்கோ சான்றிதழ் அன்று. ஒவ்வோர் இரவும் நடனம் வேறொரு தெருவில், வேறொரு கோவிலையோ வட்டாரத்தையோ சார்ந்து நடக்கிறது. இன்றைய இரவு யாருடையது, விளக்குக் கட்டுவது யார், பாடுவது யார் என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். நன்றாக ஆடுபவரை நடனக் காப்புச் சங்கத்தார் தேர்ந்தெடுத்துச் சான்றிதழும் தருகிறார்கள். நம்மைப் போன்ற விருந்தினர் வட்டத்திற்குள் வரலாம், ஆடலாம். ஆனால் அந்த வட்டத்தை உருவாக்குபவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள்.

தோட்டத்தில் ஒரு பகல்

இனி நம் பக்கம் வருவோம். 2025 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். செம்பனை மரங்களுக்கு இடையே செம்மண் சாலை. இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ரவாங், ஷா ஆலாம், கிள்ளான், சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். பால்குடம், காவடி, கரகம், அன்னதானம் எல்லாம் உண்டு. ஒலிபெருக்கி என் சிறுவயதில் இருந்ததைவிட மூன்று மடங்கு சத்தம். உறுமி மேளக் குழு வாடகைக்கு வந்தது. சமையல் வாடகைக்கு வந்தது. பந்தல், நாற்காலி, விளக்கு அலங்காரம், இரதம், எல்லாமே வாடகைதான். பணம் போட்டவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். என் பெயரும் வந்தது. கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

மாலை ஐந்து மணிக்குக் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஏழு மணிக்குக் கோவிலில் இருந்தவர்கள் பூசாரியும், லயத்தில் இன்னும் குடியிருக்கும் சில முதியவர்களும், எச்சில் இலைகளும்தான். எதிர் லயத்து வாசலில் வங்காளதேசத் தொழிலாளர்கள் அமர்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். இப்போது அந்தத் தோட்டத்தின் உண்மையான குடிமக்கள் அவர்கள்தாம். திருவிழாவின் பார்வையாளர்களும் அவர்கள்தாம்.

ஒரு காலத்தில் இதே கோவிலில் முதல் நாள் உபயம் மேற்கு லயம், இரண்டாம் நாள் கிழக்கு லயம், மூன்றாம் நாள் கிராணிமார் என்று முறை இருந்தது. வாழைமரம் வெட்டுவது ஒரு குடும்பம். கரகம் எடுப்பது ஒரு குடும்பம். உறுமி அடிப்பவர் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து அடிப்பார். சம்பளத்தில் பிடித்த சந்தாக் காசில்தான் திருவிழா. வசதி குறைவுதான். ஆனால் குஜோவில் நான் கண்ட அதே அமைப்பு இங்கே இருந்தது என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. நம்மிடம் இல்லாத எதையும் நான் ஜப்பானில் பார்க்கவில்லை. நம்மிடம் இருந்து போனதைத்தான் பார்த்தேன்.

குறை யாருடையது?

"ஜப்பானியர் மரபைக் காக்கிறார்கள், தமிழர் காக்கவில்லை" என்று இதைச் சுருக்கிவிடலாமா? கூடாது. அது நியாயமும் அன்று, உண்மையும் அன்று.

ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் ஒஷு என்ற ஊரில் கொக்குசெக்கிஜி என்னும் பௌத்தக் கோவில் உண்டு. குளிர்காலத்தில் ஆண்கள் கோவணத்துடன் திரண்டு, ஒரு பைக்காக முட்டிமோதும் சோமின்சாய் என்ற திருவிழா அங்கே நடந்து வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு என்பார்கள். 2024 பிப்ரவரி 17-ஆம் நாள் அது கடைசி முறையாக நடந்து முடிந்தது. காரணம் பக்தி குறைவன்று. ஊரில் இளைஞர்கள் இல்லை. ஏற்பாட்டைச் சுமந்த முதியவர்களால் இனிச் சுமக்க முடியவில்லை. ஆக, ஜப்பானியராலும் ஆள் இல்லாத ஊரில் திருவிழாவைக் காப்பாற்ற முடியவில்லை. தேர் இழுக்க ஊர் வேண்டும். ஊர் இல்லாமல் தேர் மட்டும் இருந்து பயனில்லை.

அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவ்வூர் இளைஞர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். நம்முடைய கதையில் வீடே நம்முடையதாக இருந்ததில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது தோட்டத் துண்டாடலில் மக்கள் நடுத்தெருவுக்கு வராமல் இருக்கத்தான். ஆனாலும் பெரும்பாலான தோட்டங்கள் கைமாறின. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தோன்றியது இதே வட்டாரத்தில்தான். அதன் பெயர் தென்னமரம். பெயரில் தமிழ் நிலைத்தது. நிலத்தில் தமிழருக்குக் காணி நிலைக்கவில்லை.

உடைந்த அணையின் பாடம்

அம்பாங் பெச்சா என்றால் மலாய் மொழியில் உடைந்த அணை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1883 அக்டோபரில் கோல குபுவின் பழைய அணை உடைந்து ஊரை வெள்ளம் அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் மாண்டார். வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த சாபம் என்று இன்றும் கதை சொல்வார்கள். ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்க மணல் ஆற்றை மேடாக்கி, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் 1920-களின் இறுதியிலும் 1930-களின் தொடக்கத்திலும், மேட்டு நிலத்தில் திட்டமிட்டு ஒரு புதிய நகரை அமைத்து மக்கள் அங்கே மாறினார்கள். அதுதான் இன்றைய கோல குபு பாரு.

இதில் நான் காணும் பாடம் ஒன்றுண்டு. காலம் இருக்கும்போதே திட்டமிட்டு இடம் மாறிய ஊர், தன் பெயரையும் உடன் கொண்டு சென்றது. பழைய இடத்துக்கு மிஞ்சியது 'உடைந்த அணை' என்ற பெயர் மட்டுமே. நம் தோட்டக் கோவில்களுக்கு எந்த வழி வேண்டும்?

எங்கள் கோவிலில் இப்போது ஒரு விவாதம் நடக்கிறது. கோபுரத்தைப் பெரிதாக்கிக் குடமுழுக்குச் செய்ய வேண்டும் என்று வெளியூரில் வசதியாக வாழும் சிலர் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் கோவில் நிற்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை. நிலம் நம் பெயரிலும் இல்லை, கோவில் பெயரிலும் இல்லை. நாளைக்கே அங்கே வீடமைப்புத் திட்டம் வந்தால் கோபுரம் எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. யார் நிலம் என்றுதான் கேட்பார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு முன் பட்டாவுக்கு வழி தேட வேண்டும். அது கிடைக்காது என்று உறுதியானால், சாமியை மக்கள் வாழும் தாமானுக்கு முறையாக எழுந்தருளச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இதைக் கூட்டத்தில் சொன்னபோது என்னைத் திட்டாதவர் குறைவு. எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி மட்டும் திட்டவில்லை. "சாமி எங்கயும் போகாது தம்பி. அது இங்கதான் இருக்கு. நீங்கதான் போயிட்டீங்க" என்றார். அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

பாட்டிக்கு என் பதில்

பல நாள் யோசித்த பிறகு கிடைத்த பதில் இது. பாட்டி சொன்னதில் பாதி உண்மை. நாங்கள்தாம் போனோம். ஆனால் அம்மனும் ஒருமுறை வந்தவள்தானே? நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர், ஊர்த் தெய்வத்தைத் தங்களோடு கொண்டு வந்தார்கள். இரப்பர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, அதுதான் எங்கள் மாரியம்மன் என்றார்கள். கடலைக் கடந்து வந்த தெய்வம் பத்துக் கல் தொலைவைக் கடக்க மறுக்குமா?

ஜப்பானியரும் இதைச் செய்திருக்கிறார்கள். நம் சிலாங்கூரிலேயே செய்திருக்கிறார்கள். வேலைக்காக இங்கே வந்த ஜப்பானியக் குடும்பங்களின் முயற்சியில் 1977-இல் தொடங்கிய போன் ஒடோரி நடனவிழா ஷா ஆலாமில் நடந்து வந்திருக்கிறது. 2022-இல் முஸ்லிம்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்று ஓர் அமைச்சர் சொன்னதும், விழா நடக்கட்டும் என்று சிலாங்கூர் சுல்தான் கூறியதும், 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் திடலுக்கும் அவர்கள் முன்னோருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வட்டமாக ஆடக் கற்றார்கள். ஆள் சேர்ந்தால் திருவிழா இடம் மாறியும் பிழைக்கும். ஆள் சேராவிட்டால் பிறந்த இடத்திலும் சாகும்.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். "இடம் மாறுவது தோல்வி. நூறாண்டு வியர்வை சிந்திய மண்ணை விட்டுக் கொடுப்பதா?" என்று கேட்பார்கள். வலுவான கேள்வி. அதனால்தான் பட்டாவை முதலில் வைத்தேன். கேட்காமல் விட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் எப்போது கேட்பது? 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவில் சீஃபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோவில் இடமாற்றத் தகராறு கலவரத்தில் முடிந்தது. அங்கே காயமடைந்த ஒரு தீயணைப்பு வீரர் பின்னர் உயிரிழந்தார். இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு கேட்பது உரிமைக் குரலாக இருக்கலாம். அப்போது நம் கையில் மிஞ்சுவது குரல் மட்டுமே. தோட்டம் தோட்டமாக இருக்கும்போதே கேட்டால் பேச இடம் இருக்கும்.

மறந்துவிடக் கூடாத ஒன்று

ஓபோன் இறந்தவர்கள் வீடு திரும்பும் நாள் என்றேன். குஜோவில் அந்த இரவில் எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. ஒவ்வொரு திருவிழாவிலும் அவர் ஓர் இலை தனியாகப் போடுவார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாத தம் அண்ணனுக்கு அந்த இலை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை. தோட்டத்துக் கோவிலில் வைத்த இலைதான் கல்லறை.

ஜப்பான் மண்ணில், அவர்கள் தம் முன்னோருக்காக ஆடும் வட்டத்தில் நின்று, நான் இதை நினைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. என் பக்கத்தில் ஆடிய முதியவர்மீது கோபப்பட என்ன இருக்கிறது? ஆனால் ஒரு பயம் வந்தது. அந்தக் கோவிலும் போய்விட்டால் இலை போடும் இடம் எது? யாருக்குப் போட வேண்டும் என்று அறிந்தவர் யார்? பாட்டி இப்போது இல்லை. அந்த அண்ணனின் பெயர் என் நினைவிலும் என் அம்மாவின் நினைவிலும் மட்டுமே இருக்கிறது. எங்கும் எழுதப்படவில்லை.

நாம் செய்யக் கூடியவை

மாணவ நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் நான் முன்வைக்கும் வேண்டுகோள்கள் சில.

முதலாவது, உங்கள் தோட்டக் கோவில் நிர்வாகம் சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிவு பெற்றதா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கடிதம் எழுத, நில அலுவலகத்துக்கு அலைய, மலாயில் மனு வரையப் படித்தவர்கள் தேவை. தலைவர் மாமாவுக்கு எழுபது வயது. அவர் அலைந்தது போதும். சட்டம் படித்தவர்களும் நில அளவை படித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஐந்நூறு வெள்ளி நன்கொடையைவிட அவர்களின் அரைநாள் விடுப்பு கோவிலுக்குப் பெரிது.

இரண்டாவது, வாடகைத் திருவிழாவைக் கொஞ்சம் குறைப்போம். ஒரு குடும்பம் ஒரு வேலையை ஏற்கட்டும். தாமானில் பிறந்த பிள்ளைகளுக்கு உறுமி அடிக்கவும், கரகம் ஜோடிக்கவும், முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கவும் கற்றுக் கொடுப்போம். குஜோவின் நடனம் நிலைத்திருப்பதற்கு அதன் எளிமையும் ஒரு காரணம். புதிதாக வருபவர் பத்து நிமிடத்தில் சேர முடிகிறது. நம் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் எடுத்தால் குறை அவர்களுடையதன்று. அவர்கள் கையில் நாம் எதையும் கொடுக்கவில்லை.

மூன்றாவது, மொழிக்கழகங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கலை இரவு நடத்துகின்றன. நல்லது. அதனோடு ஆண்டுக்கு ஒரு தோட்டத்துக்கு ஒருநாள் போகலாம். தஞ்சோங் மாலிமில் பயிலும் மாணவர்களுக்குக் கெர்லிங்கும் கோல குபு பாருவும் எட்டும் தூரந்தான். மூத்தவர்களிடம் கேட்டு, எந்த லயம் எந்த உபயம், கோவிலை யார் தொடங்கினார், சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார் என்று எழுதி வாங்குவோம். ஊர் கலையலாம், சாமி இடம் மாறலாம். பெயர்கள் எழுத்தில் இருந்தால் இலை போட முடியும்.

அடுத்த ஆடிக்கு நான் ஒருநாள் முன்னதாகவே போவதாக இருக்கிறேன். திருவிழா முடிந்த மறுநாளும் இருக்கப் போகிறேன். பந்தல் பிரிக்க ஆள் வேண்டும். பாட்டியிடம் என் பதிலையும் சொல்ல வேண்டும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு கோவில் திண்ணையில் உட்கார்ந்து, நேரில் நடக்க வேண்டிய பேச்சு.